பை போதும், பதினொன்றாம் வகுப்பைப் பாருங்கள்

ஜூன் நெருங்கினால் போதும், "ஏழைப் பிள்ளை ஒருத்தரோட படிப்புச் செலவை ஏத்துக்கலாம்னு இருக்கோம், தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று பதிவுகள் வர ஆரம்பிக்கும். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு பை, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் என்றே போய்ச் சேருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இந்த மூன்றையும் அரசே கொடுக்கிறது. பாடப்புத்தகமும் பஸ் பாஸும் இலவசம். தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடு, பத்தாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு. ஒரே பிள்ளைக்கு மூன்று பை வந்த வீட்டில் மூன்றாவது பை ரேஷன் கடைக்குப் போய்வரும், அவ்வளவுதான்.

அரசின் உதவி எந்த வயதில் மெலிகிறது என்று பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தத்தின்படி 14 முடிந்த பிள்ளையை அபாயமில்லாத வேலைக்கு வைக்கலாம். சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. ஆக, பதினொன்றாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைக்கு மதியச் சோறும் இல்லை, "படிக்கத்தான் வேண்டும்" என்ற சட்டமும் இல்லை. அதே சமயம் ஜவுளிக்கடையும் பனியன் கம்பெனியும் சமையல் கான்ட்ராக்டரும் கூப்பிடுகிறார்கள். வீட்டில் வாராவாரம் குழுக் கடன் தவணை கட்ட வேண்டும். பையன் கொண்டுவரக்கூடிய கூலி அந்தத் தவணைக்குச் சரியாக இருக்கும். பிள்ளைக்குப் படிப்பு ஏறாததால் நின்றுவிட்டான் என்று ஊர் சொல்லும். பல வீடுகளில் இந்தத் தவணைதான் அவனை நிறுத்தியிருக்கும்.

அதனால் நான் சொல்வது இது: ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்வதானால் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஏற்றுக்கொள்ளுங்கள். அதிலும் பத்து முடித்து பதினொன்றில் சேரும் பிள்ளையைத் தேடுங்கள்.

செலவு என்ன ஆகும்? மதியச் சாப்பாடு வெளியில் என்றால் நாளுக்கு 30 ரூபாய் வைத்தாலும் 200 பள்ளி நாளுக்கு 6,000. அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் டிபன் பாக்ஸ் கட்ட ஆளிருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும், அதனால் துணியும் தையல் கூலியும். அறிவியல் பிரிவென்றால் ரெக்கார்டு நோட்டு. சிறப்பு வகுப்பு முடிந்து கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிட்டால் ஷேர் ஆட்டோ. எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வைத்துக்கொண்டால் மூச்சுவிடலாம். இதை மாதம் ஆயிரமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதில் ஒரு கோளாறு உண்டு. வீட்டில் நகை அடகுக்குப் போவது ஜூனில். ஜூன் முதல் வாரத்திலேயே 4,000 கொடுத்துவிட்டு, மீதி 8,000-த்தை எட்டு மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள். தொகை அதேதான், வட்டி மட்டும் மிச்சம். இந்த உதவியில் குடும்பத்துக்கு நேராகக் கிடைக்கும் பலன் இதுதான் என்பேன்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு. ஆறாம் வகுப்பில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, "நான் ஃபீஸ் கட்டறேன்" என்று பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேர்ப்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இதே கணக்கில்தான் நடக்கின்றன. அவற்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்றாண்டுப் பட்டம் என்றால் அதுவே 36,000. நடுவில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிய பிள்ளைக்கு இத்தனையும் போய்விடும். கட்டாயக் கல்விச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது. ஸ்பான்சர் பணத்தில் போனவர்களுக்கு இல்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த ஸ்பான்சருக்கே வேலை போய்விட்டால்? பள்ளிக் கட்டணப் பாக்கியும் சேர்ந்து டி.சி. வாங்கவே திண்டாட்டம். மெட்ரிக் பள்ளியில் வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 ஆகிறது என்று வையுங்கள். அதில் இரண்டு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இன்னும் 6,000 கையில் இருக்கும்.

பணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் செய்யக்கூடிய ஸ்பான்சர்ஷிப்பும் ஒன்று உண்டு: காகித வேலை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000-க்குள் இருக்க வேண்டும். நான்கு வருஷத்துக்கு 48,000. தேர்வான பிறகும் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் அநேகமாக இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பள்ளிப் பதிவில் ஒற்றை எழுத்து, வங்கியில் வேறொரு எழுத்துக்கூட்டல். இல்லாவிட்டால் 15 வயதில் செய்ய வேண்டிய ஆதார் கைரேகைப் புதுப்பிப்பைச் செய்யவில்லை. இன்னொன்று, ஆதார் நகலை வங்கியில் கொடுத்துவிட்டால் இணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது. அரசுப் பணம் வந்து விழ, அந்தக் கணக்கு ஆதாருடன் தனியாக 'சீடிங்' ஆகியிருக்க வேண்டும். ஆகியிருக்கிறதா என்று வங்கியில் இந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். இரண்டு வருஷம் தொடாத ஜீரோ பேலன்ஸ் கணக்கென்றால் அது உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அந்த 60 ரூபாயோடு அம்மாவுக்கு ஒருநாள் கூலியும் போகிறது, அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

அப்பா இல்லாத பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, பெற்றோருக்குக் கடுமையான நோயுள்ள பிள்ளை என்றால், உங்கள் பர்ஸைத் திறக்கும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் 'ஸ்பான்சர்ஷிப்' என்ற பெயரிலேயே மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை தர வழி இருக்கிறது. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000-க்கு மேல் போகக் கூடாது. ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் அடைக்க வேண்டும். உங்களால் மாதம் 4,000 கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள், விண்ணப்பத்தின் மதிப்பு புரியும்.

பணத்தை அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். பிள்ளை கையில் ரொக்கம் வேண்டாம். தனி மனிதருக்குக் கொடுப்பதற்கு, நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகத்தான் கிடைக்கும், அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் மாமாக்கள் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத அறக்கட்டளைக்குப் பணம் போட்டுவிடாதீர்கள், மாட்டிக்கொள்வது இங்கே இருப்பவர்கள்.

மார்க்கை நிபந்தனையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. "80 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த வருஷம்" என்றால், காலாண்டில் சறுக்கிய பிள்ளை அன்றைக்கே மனத்தளவில் நின்றுவிடும். வருகைப் பதிவைக் கேளுங்கள், வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. மாதத்தில் நான்கைந்து நாள் காணாமல் போகும் பிள்ளை எங்காவது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம், அப்போதே போய்ப் பேசலாம். காசோலையோடு போட்டோ எடுத்து முகநூலில் போடாதீர்கள், அந்தப் பிள்ளையின் வகுப்பில் படிப்பவர்களும் அங்கே இருப்பார்கள். கைப்பட நன்றிக் கடிதம் கேட்பதும் அப்படித்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவோடு நிறுத்திவிடாமல் கல்லூரியின் முதல் மூன்று நான்கு மாதம் வரை கூட இருங்கள். தேர்வு முடிவு வரும் மே மாதம்தான் வழுக்கல். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2 ரூபாய். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு 500, அவர்களுக்கு 250. காசு இருந்தும் கடைசித் தேதி தெரியாமல் போன வீடுகள்தான் அதிகம். முதல் பட்டதாரிச் சான்றை ஏப்ரலிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஆயிரம் என்ற அரசுப் பணம் கல்லூரியில் சேர்ந்த அன்றே வந்துவிடாது. அதுவரைக்கும் பஸ், ஹாஸ்டல் மெஸ், இரண்டு செட் துணி என்று 8,000 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். இந்த வருஷம் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்பவர்கள் இந்த 8,000-த்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.