லாபம் கொக்குக்குத்தான்
'மாட்டின் மேலிருக்கும் உண்ணிகளைத் தின்று உண்ணிக்கொக்கு கைம்மாறு செய்கிறது, இருவருக்கும் சம லாபம்' என்று, உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதைப் பற்றிய இந்தக் கட்டுரையில் இருக்கிறது. காங்கயம் பக்கம் மாடு வைத்திருக்கும் எனக்கு இதில் பாதிதான் ஒப்புகிறது. கொக்கு ஒன்றிரண்டு உண்ணியைக் கொத்தும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் கண் முழுக்க மாட்டின் காலடியில்தான். குளம்பு பட்டுப் புல் அசைந்ததும் வெட்டுக்கிளி எகிறும், கழுத்தை நீட்டி லபக்கென்று பிடித்துவிடும். தனியாக மேய்வதைவிட அலைச்சல் குறைவு, இரை அதிகம். டிராக்டர் உழுதாலும் பின்னாலேயே வருகிறதே, டிராக்டருக்கு ஏது உண்ணி? காக்கை நிஜமாகவே உண்ணி பொறுக்கும், மாடும் காதைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் புண் இருந்தால் அதையும் கொத்திப் பெரிதாக்கிவிடும், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இரு தரப்புக்கும் லாபம் என்றால் எங்கள் கொறங்காட்டு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு) வெள்வேல மரத்தையும் செம்மறியையும் சொல்லியிருக்கலாம். கோடையில் புல் காய்ந்த பிறகு மரத்திலிருந்து உதிரும் நெத்து, அதாவது காய்ந்த காய், ஆட்டுக்கு நல்ல தீனி. கெட்டித் தோல் விதை வயிற்றில் ஊறி, புழுக்கையோடு வேறு இடத்தில் விழுந்து, மழைக்கு முளைக்கிறது. மேலே கருத்துப் போட்ட ஒருவர் 'ஆடு விட்டால் மரக்கன்றே மிஞ்சாது' என்று எழுதியிருக்கிறார். வெள்ளாட்டை இஷ்டத்துக்கு அவிழ்த்துவிட்டால் சரி, அவர் சொல்வது நடக்கும். கிளுவை முள்செடியால் வேலி போட்டு, காட்டைப் பிரித்து மாற்றி மாற்றிச் செம்மறி மேய்க்கிற இடத்தில், முளைத்ததில் வேண்டாததை நாங்களே வெட்ட வேண்டியிருக்கிறது.