முதலில் யாரிடம் சொல்வாள்?

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். அம்மாவிடம் சொல்லப் பயம். மருத்துவரிடம் போகக் கூச்சம். சில நாள் உள்ளுக்குள்ளேயே புழுங்கிவிட்டு, கடைசியில் ஒரு தோழியிடம்தான் வாய் திறப்பாள். அந்தத் தோழிக்கு என்ன தெரியுமோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த சில வாரங்கள் அமையும். பாதுகாப்பான கருக்கலைப்புக்காக இளைஞர்கள் முன்னின்று நடத்தும் இயக்கங்களை நான் முழுமனதாக ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் எட்டாத அந்த அறையில் இருப்பது அவள் வயதுக்காரி.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள் நடக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டமிடாமல் உண்டாகும் கருக்களில் பத்தில் ஆறு இப்படித்தான் முடிகின்றன. மொத்தக் கலைப்புகளில் ஏறக்குறைய 45 விழுக்காடு பாதுகாப்பற்றவை. 'யாரோ வழிதவறியவர்களின் பிரச்சினை' என்று இதை ஒதுக்குகிறவர்கள் தங்கள் சொந்தக்காரப் பெண்களிடம் ஒருமுறைகூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தடை போட்டால் குறைந்துவிடாதா என்று கேட்பார்கள். ருமேனியாவில் 1966இல் தடை போட்டார்கள். இருபத்து மூன்று ஆண்டு அது நீடித்தது. ஒளித்து மறைத்துச் செய்துகொண்டு செத்த பெண்கள் சுமார் பத்தாயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் தடையை நீக்கினார்கள். அடுத்த ஓராண்டிலேயே பேறுகால மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆனால் சட்டம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? இளம்பெண்களைப் பொறுத்தவரை தாமதம்தான் பெரிய எதிரி. கர்ப்பத்தின் வாரக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், படித்தவர்களே தடுமாறுவார்கள். உறவு கொண்ட நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் மாதவிடாய் தள்ளிப்போன அன்றைக்கே நான்கு வாரம் ஆகிவிடுகிறது. 'ஆறு வாரம் வரை அனுமதி' என்று ஓர் அரசு அறிவித்தால், அந்தப் பெண்ணின் கையில் மிஞ்சுவது சுமார் இரண்டு வாரம். பருவம் எய்திய தொடக்க ஆண்டுகளில் பலருக்கும் சுழற்சி ஒழுங்காக வராது. அவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் இல்லை. இதைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, 'ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய்' என்று மருத்துவமனையில் திட்டுவது எந்த நியாயம்?

கருக்கலைப்புக்குத் தரப்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிராஸ்டால் ஆகிய இரண்டு மருந்துகளும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சரியான தகவலும், தரமான மருந்தும், தேவைப்பட்டால் ஓடிப்போய்க் காட்ட ஒரு மருத்துவப் பணியாளரும் இருந்தால், பன்னிரண்டு வாரத்துக்குள் பெண் தானே இதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த மூன்றில் முதலாவதாகச் சொன்ன தகவலைத்தான் இந்த இளைஞர்கள் சுமந்து திரிகிறார்கள். அவசர கருத்தடை மாத்திரை வேறு, கருக்கலைப்பு மாத்திரை வேறு; முன்னது ஏற்கெனவே தரித்த கருவைக் கலைக்காது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் அதைத் தீர்க்காது, உயிருக்கே ஆபத்து, உடனே சிகிச்சை வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைகிற அளவு தொடர்ந்து இரண்டு மணி நேரம் இரத்தம் போனால், இரவோ பகலோ, மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். முறையாகச் செய்த கலைப்பால் பின்னால் பிள்ளை பிறக்காமல் போகாது. இதைத் தெரிந்த ஒரு தோழி அருகில் இருப்பதும் இல்லாததும் சில சமயம் உயிருக்கும் சாவுக்குமான வித்தியாசம்.

சட்டத்துக்கும் மக்கள் அறிவுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இந்தியாவே உதாரணம். கருக்கலைப்புச் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருந்தும் 'அது குற்றமாச்சே' என்று நம்புகிறவர்கள் ஏராளம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் இந்தக் குழப்பம் தீரவில்லை என்றால், விளக்க வேண்டியவர்கள் விளக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பெரியவர்கள் விட்ட இடத்தை இளையவர்கள் எடுத்துச் செய்தது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களைக் கேவலப்படுத்தும் துண்டறிக்கை ஒன்று மருத்துவ மாணவர்களின் வீடு தேடி வந்தது. அதே ஆண்டு டேவிட் கன் என்ற மருத்துவர் இந்தப் பணிக்காகவே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது மாணவியாக இருந்த ஜோடி ஸ்டைனவரும் சக மாணவர்களும் தங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்தால், இவ்வளவு பரவலான ஒரு சிகிச்சைக்கு அதில் இடமே இல்லாத நிலை. 'மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஃபார் சாய்ஸ்' என்ற மருத்துவ மாணவர் அமைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. 'எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்' என்று மாணவர்களே கேட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அர்ஜென்டினாவில் 'முடிவெடுக்கப் பாலியல் கல்வி, கலைக்காமலிருக்கக் கருத்தடை, சாகாமலிருக்கச் சட்டபூர்வக் கருக்கலைப்பு' என்பது முழக்கம். மூன்றையும் சேர்த்துக் கேட்டது எவ்வளவு தெளிவு! 2018இல் பள்ளி மாணவிகள் இந்த இயக்கத்தின் அடையாளமான பச்சைக் கைக்குட்டையைப் புத்தகப் பையில் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அந்த எழுச்சியை 'மகள்களின் புரட்சி' என்றே அழைத்தார்கள். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்ற மேலவை கருக்கலைப்பு மசோதாவைத் தோற்கடித்தது. அந்த மாணவிகள் கைக்குட்டையை அவிழ்க்கவில்லை. 2020 டிசம்பர் 30 அன்று பதினான்கு வாரம் வரை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. அயர்லாந்தில் கருக்கலைப்புத் தடையை நீக்குவது பற்றிய 2018 வாக்கெடுப்புக்காக, வெளிநாடுகளில் இருந்த அயர்லாந்து இளைஞர்கள் விமானமேறி வந்தார்கள். அவர்களில் பலர், 1983இல் அந்தத் தடை அரசியலமைப்பில் ஏறியபோது பிறந்திருக்கவே இல்லை.

'சின்னப் பிள்ளைகளிடம் இதைப் பேசினால் கெட்டுப்போவார்கள்' என்கிற வாதத்துக்கு நான் அதிக நேரம் செலவழிக்க விரும்பவில்லை. பேசாமல் இருந்ததால் யாரும் கர்ப்பமாகாமல் இருந்துவிடவில்லை.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கலைக்கச் சொல்லி ஒரு பெண்ணை மிரட்டுவதும் இதே உரிமையின் மீதான தாக்குதல்தான். காதலன் கைகழுவப் பார்க்கிறான், குடும்பம் மானம் போகும் என்கிறது, அவளோ பெற்றுக்கொள்ள விரும்புகிறாள் என்றால், நம் இளைஞர்கள் அவள் பக்கம்தான் நிற்க வேண்டும். நான் அறிந்த நல்ல குழுக்கள் அப்படித்தான் நிற்கின்றன. முதலில் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கிறார்கள், பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளும் இந்தக் கூட்டங்களுக்கு வர வேண்டும். வந்தால் கடைசி வரிசையில் கைகட்டி உட்காராமல் கேள்வி கேட்க வேண்டும்.

இளைஞர்களை மாநாட்டுக்கு அழைத்து, பதாகை பிடிக்கவைத்து, படம் எடுத்து அனுப்பிவிடும் நிறுவனங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பாலியல் கல்விப் பாடத்தை எழுதும் குழுவில் அவர்களுக்கு இடம் கொடுங்கள். உதவி எண்ணில் இரவெல்லாம் பேசுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுங்கள், அவர்கள் கேட்டுக்கேட்டு மனம் கனத்துப்போனால் ஆறுதலுக்கு ஓர் ஆலோசகரை வையுங்கள். சிகிச்சை மையத்தில் யார், எப்படி நடத்தினார்கள் என்று அவர்கள் எழுதித் தரும் புகாரை அலமாரியில் பூட்டாமல், அந்த மையத்தின் தலைமை மருத்துவர் முன்னால் வைத்துப் பதில் வாங்குங்கள்.