ஸ்காட்லாந்தில் கில்ட் தினசரி உடை அல்ல

"ஸ்காட்லாந்து ஆண்கள் அலுவலகத்துக்கும் கடைக்கும்கூட கில்ட் கட்டிக்கொண்டுதான் போவார்கள், ஆதிகாலத்திலிருந்து நாடு முழுக்க இதுதான் உடை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. கில்ட் என்பது இடுப்பில் சுற்றிக் கட்டும், முழங்கால் வரை வரும், கட்டம் போட்ட பாவாடை மாதிரியான உடை.

கிளாஸ்கோவில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நீங்கள் பார்ப்பது ஜீன்ஸும் மழைக்கோட்டும்தான். எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் கில்ட் கட்டி பேக்பைப் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவரின் படம்தான் எல்லார் ஆல்பத்திலும் இருக்கும். ஆனால் அவர் அங்கே நிற்பதே சுற்றுலாப் பயணிகளுக்காக. தினமும் கட்டுகிறவர்களும் உண்டு, மிகச் சிலர்.

கில்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாணத்துக்குப் போங்கள். மாப்பிள்ளை, தோழர்கள், இரு வீட்டு அப்பாக்கள் எல்லாரும் அதில்தான் நிற்பார்கள். பாதிப் பேருடையது வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். ஒரு நல்ல கில்ட்டுக்கு 8 கெஜம் வரை கம்பளித் துணி போகும், விலை அப்படி. அப்புறம் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக ஜனவரி 25 அன்று வரும் பர்ன்ஸ் இரவு, ஹைலேண்ட் விளையாட்டு விழாக்கள், பட்டமளிப்பு. கால்பந்து ரசிகர்கள் தனி ரகம்: 2024 யூரோ கோப்பைக்கு ஜெர்மனி போன கூட்டம் கில்ட்டோடு அணியின் ஜெர்சியைத்தான் போட்டிருந்தது.

வரலாற்றுக்கு வந்தால், இது வடக்கே ஹைலேண்ட் பகுதியின் உடை. தெற்கே இருந்தவர்கள் அதைக் கட்டியதில்லை. 1746 சட்டம் ராணுவத்தில் இல்லாத ஆண்களுக்கு அதைத் தடை செய்தது, 1782இல்தான் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்து கில்ட் அணிந்த பிறகே அது மொத்த நாட்டின் அடையாளமாகப் பரவியது.