கட்டியின் விலை சுவரின் விலை ஆகாது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கொடுத்த, வீட்டுச் சுவர் முறைகளின் விலை ஒப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கியவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். இருபுறமும் தெர்மாகோல் பலகை நிற்க, நடுவில் கம்பி கட்டிக் காங்கிரீட் ஊற்றும் ஐ.சி.எஃப். (இன்சுலேட்டட் காங்கிரீட் ஃபார்ம்) முறைகள் மூன்றையும் செங்கல் சுவரையும் அடுத்தடுத்த கட்டங்களில் போட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று முடித்துவிட்டார்கள். ஐ.சி.எஃப்.புக்குப் போட்டது அந்தத் தெர்மாகோல் கட்டியின் விலை. சுவரின் விலை அன்று. உள்ளே ஊற்றும் காங்கிரீட், கம்பி, முட்டுச் சட்டங்கள், பம்ப் வாடகை, இருபுறப் பூச்சு எதுவும் அதில் இல்லை. செங்கல்லுக்கு மட்டும் பூச்சுக் கூலி வரை சேர்த்திருந்தது தற்செயல் என்றே நம்ப விரும்புகிறேன்.

இதைக் கேட்டதற்குக் கிடைத்த பதில், "வடசென்னைக்கு ஹாலோ பிளாக்கே போதும் சார்" என்பது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். வடசென்னைக்காரனான நானும் சிரித்து வைத்தேன்.

மூன்று முறைகளை ஒப்பிடுவதென்றால் கேட்க வேண்டியவை வேறு. உள்ளே காங்கிரீட் ஒரே தடிமனில் நிற்கிறதா, வலைபோல இடையிடையே மெலிந்து நிற்கிறதா? மெலிந்தால் காங்கிரீட் மிச்சமாகும். ஆனால் அந்த இடுக்குகளில் ஜல்லி சிக்கும். இரு பலகைகளையும் பிணைப்பது பிளாஸ்டிக்கா, இரும்பா? இரும்பு வெப்பத்தைக் கடத்தும். திருவொற்றியூர் உப்புக் காற்றில் அது என்ன ஆகும் என்பதை ஜன்னல் கம்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் தாளில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

தண்டையார்ப்பேட்டையில் என் அப்பா கட்டிய வீட்டின் அகலம் 13 அடி. பக்கத்துச் சுவரோடு ஒட்டிய மனைகள் எங்கள் தெருவில் பாதிக்கு மேல். பலகைகள் 63 மில்லிமீட்டர் வீதமும் காங்கிரீட் 150 மில்லிமீட்டரும் என்றால், பூச்சுக்கு முன்பே சுவர் 276 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக்கோடு (காற்றறைகள் கொண்ட இலேசான காங்கிரீட் கல்) ஒப்பிட்டால் இருபக்கச் சுவர்களும் சேர்த்து வீட்டுக்குள் 6 அங்குலம் குறைகிறது. அந்த 6 அங்குலத்தில்தான் எங்கள் வீட்டில் பீரோவின் கதவு திறக்கிறது. அது மட்டுமல்ல, பக்கத்து வீட்டை ஒட்டிய வெளிப்புறத் தெர்மாகோலை யார், எங்கே நின்று பூசுவது? வெயில் அதை அரிக்கும், தீ பிடிக்கும், கரையான் அதைத் தின்னாவிட்டாலும் துளைத்து வழி போடும். பூச்சில்லாமல் விடக்கூடாத பொருள் அது. பூச்சை விட்டுவிட்டு எழுதிய விலை, சுவரின் விலை அன்று.

"1966-லேயே கனடாவில் வந்துவிட்ட தொழில்நுட்பத்தை இன்னும் சந்தேகிக்கிறீர்களே" என்பார்கள். கனடாவின் பிரச்சினை குளிர். அங்கே ஜன்னலைச் சாத்திவிட்டு வாழ்கிறார்கள். மே மாத இரவில் காற்றுக்காகக் கதவையே திறந்து வைக்கும் வீட்டில் கூரையும் மேற்குச் சுவரும்தான் முதல் கவலை. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்குத் தனி வரம்பு வைத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை. அப்பா இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு ஐ.சி.எஃப். சுவர் நல்லது என்பதை மறுக்கவில்லை, அதோடு விடுகிறேன்.

என்னைச் "செங்கல் சூளைக்காரனின் ஆள்" என்று ஒருவர் ஏற்கனவே எழுதிவிட்டார். ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டை இதே ஐ.சி.எஃப். முறையில் நின்று கட்டிக் கொடுத்தவன் நான். சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் அடிக்க வேண்டியதில்லை என்பதே, உப்பு நீர் ஊறும் பகுதியில் எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். அதே வீட்டில், ஒரே மூச்சில் உயரமாக ஊற்றியதால் ஜன்னலோரம் பலகை புடைத்ததும், சுவிட்ச் பெட்டிக்காக வெட்டியபோது உள்ளே தேன்கூடாக ஜல்லி தெரிந்ததும் எனக்குத்தான் தெரியும். வழக்கமான காங்கிரீட்டில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் குறை கண்ணில் படும். இங்கே பலகையே பிரிவதில்லை. சுமார் 4 அடிக்கு ஒருமுறை நிறுத்தி ஊற்றவும், சிறு ஜல்லி போடவும், வைப்ரேட்டரை அளவாகப் பிடிக்கவும் தெரிந்த ஆட்களின் கூலியும் அந்தத் தாளில் இல்லை.

எங்களுக்கு ஹாலோ பிளாக் போதுமா போதாதா என்பதை நாங்கள் கணக்குப் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம். கணக்கை முழுதாகக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. எண்ணூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல் எங்கள் மாடியில் படியலாம், அந்தச் சாம்பலில் செய்த கல் ஊரெங்கும் போகலாம்; எங்கள் சுவரைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது. பூச்சும் கூலியும் சேர்த்துத் தாளைத் திருத்தி அனுப்புங்கள். 13 அடி மனைக்குத் தனியாக ஒரு கட்டம் போடுங்கள். அந்தச் சிரித்தவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும்.