டி64 என்று ஒரு வால்

இரண்டு வருடமாகக் கை படாத டாக்கர்ஃபைல் (நிரல் ஓடும் சூழலைக் கட்டும் செய்முறைக் கோப்பு). அதில் அடிப்படை இமேஜை மட்டும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸுக்கு மாற்றினேன், சத்தியமாக வேறு எதையும் தொடவில்லை. பில்ட் விழுந்தது. லிப்ஏசவுண்ட்2 என்ற ஒலி லைப்ரரி பேக்கேஜை நிறுவ வழியில்லையாம். நேற்று வரை இருந்தது எங்கே போய்த் தொலைந்தது என்று தேடினால், லிப்ஏசவுண்ட்2டி64 என்று வால் முளைத்து உட்கார்ந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே பழைய லைப்ரரிக் கோப்பு, லிப்ஏசவுண்ட்.எஸ்ஓ.2!

காரணம் தெரியாமல் கத்தவில்லை. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் டைம்_டி என்ற தரவு வகை 2038 ஜனவரி 19-ல் நிரம்பிவிடும். அதை 64 பிட் ஆக்கினால் பழைய நிரல் 4 பைட்டை எதிர்பார்க்கும், புது லைப்ரரி 8 பைட்டை நீட்டும். பெயர் மாறாமல் இருந்தால் இரண்டும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு தரவைக் கெடுக்கும். அதனால்தான் 2024-ல் உபுண்டுவின் தாய் லினக்ஸான டெபியனில் கொத்துக் கொத்தாக வால் ஒட்டினார்கள். நியாயம்தான். ஆனால் என் 64 பிட் ஏஎம்டி64 கணினியில் டைம்_டி எப்போதோ 64 பிட், இங்கே ஒரு பைட்கூட மாறவில்லை, பேக்கேஜ் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று நானும் சேர்ந்து அழுகிறேன். இதில் கூத்து, ஐ386 என்ற 32 பிட் பிராசஸர் வகையில், பழைய பைனரிகள் (தயார் நிரல்கள்) ஓட வேண்டும் என்று டைம்_டி-யை அப்படியே விட்டுவிட்டார்கள்.

லிப்எஸ்எஸ்எல்3 என்ற குறியாக்க லைப்ரரியைக் கேட்டால், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் தானே டி64-ஐ எடுத்துக்கொள்கிறது. ஏசவுண்டுக்கு மட்டும் ஏன் முரண்டு? பழைய பெயருக்கு நானும் இருக்கிறேன் என்று ஓஎஸ்எஸ்4 சல்சா என்ற இன்னொரு பேக்கேஜ் கை தூக்குகிறது, எதை எடுப்பது என்று ஆப்ட் நின்றுவிடுகிறது. யார் கேட்டார்கள் அதை?

அப்புறம் லிப்ஏஐஓ, வட்டில் படிக்க எழுத உதவும் லைப்ரரி. அதில் பேக்கேஜ் பெயரோடு நிற்கவில்லை, கோப்புக்கே லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 என்று வால். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு டேட்டாபேஸ் கருவி .எஸ்ஓ.1-ஐத் தேடித் தேடிச் செத்தது. விற்றவர்களைக் கேட்டால் '22.04 மட்டும்தான் ஆதரவு'. லைசென்ஸ் பணம் வாங்கும்போது இந்த வாய் எங்கே போனது? ராத்திரி பதினொரு மணிக்கு பழைய பெயரில் புதுக் கோப்பைச் சுட்டும் ஒரு சிம்லிங்க்கை நானே போட்டு ஓட்டினேன். ஏஎம்டி64 என்பதால் பிழைத்தது.

அதைப் பார்த்த சக ஊழியர் ஒருவர் மறுநாள் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்று பெயர் வைத்து .எஸ்ஓ.3-க்கு சிம்லிங்க் போட்டு, 'அண்ணா, உங்க டெக்னிக்தான், ஓடமாட்டேங்குது' என்கிறார். தம்பி, இதில் பெயர் மட்டுமா மாறியது, உள்ளேயே மாறிவிட்டது, அது வேறப்பா!