கனமான மரம் என்றால் மக்காது என்பது தவறு

"கையில் தூக்கிப் பாருங்க, கனமாக இருந்தால் அது உளுக்காது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு இத்தனை பேர் சரி என்று தலையாட்டியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். ரப்பர் மரத்துக்கும் தேக்குக்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ரப்பர் மரத்தை ஈர மண்ணில் நட்டால் சீக்கிரமே இற்றுப்போகும், நல்ல வைரம் (மரத்தின் உள்பக்கத்து முதிர்ந்த கட்டை) பாய்ந்த தேக்கு வருடக்கணக்கில் நிற்கும். பீச் மரம் தேக்கைவிடக் கனம், ஆனால் மக்காமல் தாங்கும் திறனுக்கான ஐரோப்பியத் தரநிலையின் 5 வகுப்புகளில் அதற்குக் கிடைத்தது கடைசி வகுப்பு, அதாவது சீக்கிரம் மக்கும் வகுப்பு.

பூஞ்சையைத் தடுப்பது எடை இல்லை, வைரப்பகுதியில் சேர்ந்திருக்கும் வேதிப்பொருள்கள். வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டையில் அவை இருக்காது, அதனால் எந்த மரமானாலும் வெள்ளை வெள்ளைதான், தேக்கு என்ற பெயர் அதைக் காப்பாற்றாது. சின்ன வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், வைரமும் முதிர்ந்த மரத்து அளவுக்குத் தாங்காமல் போகலாம்.

சோதனைக்கூடத்தில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. துண்டை உலர்த்தி எடை போட்டு, வாரக்கணக்கில் பூஞ்சையோடு வைத்து, திரும்ப உலர்த்தி எடை போடுவார்கள். இழப்பு 5 சதவீதத்துக்குள் என்றால் முதல் வகுப்பு, 30-ஐத் தாண்டினால் கடைசி. அப்புறம், இது பூஞ்சைக்கான கணக்கு மட்டும், கரையானுக்குத் தனிச் சோதனை உண்டு. வாங்கும்போது பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள், வெளிறிய வெள்ளைக்கட்டை எவ்வளவு அகலம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.