நாங்கள் வீடு வாங்காததற்குக் காரணம் பஜ்ஜி இல்லை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் இருந்து இன்பாக்ஸில் வந்து "விடுங்க ப்ரோ, பெரியவங்க அப்படித்தான்" என்று சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. விடத்தான் நினைத்தேன். மூன்று நாள் விட்டும் பார்த்தேன். அது என்னை விடவில்லை.

அந்தப் போட்டோவும் அதன் கீழே நடந்த கூத்தும் அப்படியேதான் இருக்கிறது, எடுக்கவில்லை. (எடுக்கச் சொல்லி அம்மாவிடம் இருந்து இதுவரை ரெண்டு போன்.) பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஏலகிரியில் புங்கனூர் ஏரிக்கு வெளியே, தூறலில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு என் மனைவி மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் படம். இதைப் பார்த்து என் சொந்தத் தாய்மாமன் எழுதியது: "மாசாமாசம் ஊர் சுத்துனா ஒரு சென்ட் இடம் வாங்க முடியுமா மாப்ள? பொண்டாட்டி இழுத்த இழுப்புக்கெல்லாம் போகாத." இதற்கு 43 லைக். போட்டவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சரி, கணக்குக்கே வருவோம். மாமாவுக்குக் கணக்குத்தானே பிடிக்கும்.

இந்த முறை ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு 2,860 ரூபாய். அதில் ரூம் மட்டும் 1,300. ஏசி கிடையாது, அந்த ஊரில் எதற்கு ஏசி. மிச்சம் ரயில், பஸ், சாப்பாடு, படகு, ஒரு கவர் பலாச்சுளை, மேற்படி பஜ்ஜி. இந்தப் பக்கம், பல்லாவரத்தில் நாங்கள் விசாரித்த ரெண்டு பெட்ரூம் பிளாட் 60 லட்சம். வங்கி 80 சதவீதம் கொடுக்கும் என்றார்கள். மீதி 12 லட்சம் நாம் போட வேண்டும், பத்திரச் செலவு தனி. 12 லட்சத்தை 2,860 ஆல் வகுத்துப் பாருங்கள். 419 மாதம் சொச்சம் வரும். அதாவது மாதம் தவறாமல் 35 வருடம் ஏலகிரிக்குப் போகாமல் இருந்தால் முன்பணம் சேர்ந்துவிடும். எனக்கு இப்போது 32. 67 வயதில் செக்கை எடுத்துக்கொண்டு பில்டரிடம் போய் நிற்பேன். பிளாட்டும் அதுவரை 60 லட்சத்திலேயே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். 67 வயதுக்காரனுக்கு 20 வருட லோன் கொடுக்கிற வங்கி எது என்று மாமாதான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

அந்த 48 லட்சத்துக்கு மாதத் தவணை 40,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. எங்கள் ரெண்டு பேர் சம்பளத்தில் வாடகை, அப்பா மாத்திரை, தங்கச்சி காலேஜ் எல்லாம் போக என்ன நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் வீடு வாங்காததற்குக் காரணம் பஜ்ஜி இல்லை.

"2,860 தானா? மத்த செலவெல்லாம்?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஒப்புக்கொள்கிறேன், போன வருடம் தவணையில் ஒரு ஹெல்மெட் கேமரா வாங்கினேன். நாலு தடவைகூட மாட்டவில்லை. அது தண்டம்தான். அதற்கு வீட்டில் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டேன், நீங்கள் வேறு வேண்டாம்.

அடுத்து, "பொண்டாட்டி இழுத்த இழுப்பு".

என் மனைவி ஒரு லேபில் ரத்த மாதிரி எடுக்கிறாள். வெறும் வயிற்றில் டெஸ்ட் எடுக்க வருகிறவர்கள் ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள், அதனால் அஞ்சேகாலுக்குக் கிளம்பிவிடுவாள். நான் அப்போது போர்வைக்குள் இருப்பேன். நான் ஒன்பது, ஒன்பதரைக்கு வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கி வழிந்துகொண்டிருப்பாள். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று பெயர்தான், வாரநாளில் ஒருவர் முகத்தை ஒருவர் சூரிய வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. ரெண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் சனி, ஞாயிறு லீவு கிடைப்பது மாதத்தில் ஒரு தடவை, சில மாதம் அதுவும் இல்லை. அந்த நாளில் அவளுக்கு வேண்டியது மதியம் வரை தூக்கம். "எங்கயாவது போலாம் வா, போலாம் வா" என்று நச்சரித்து எழுப்பிக்கொண்டு போவது நான். இழுப்பது நான் மாமா. இழுபடுவதுதான் அவள். நீங்கள் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள்.

இத்தனைக்கும் ஏலகிரி எல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயம். சாதாரணமாக நாங்கள் 'ஊர் சுற்றுவது' திரிசூலம் ஸ்டேஷன் நடைபாலம் வரைதான். எதிரே ஏர்போர்ட். பாலத்தில் நின்று, இறங்குகிற விமானம் எந்தக் கம்பெனி என்று வால் நிறத்தை வைத்துப் பந்தயம் கட்டுவோம். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை நான் சீக்கிரம் வந்தால் பல்லாவரம் சந்தை. அங்கே 150 ரூபாய்க்கு வாங்கிய பழைய டேபிள் ஃபேன் இன்னும் ஓடுகிறது, வலது பக்கம் மட்டும் திரும்பாது. இதையும் நிறுத்திவிட்டால் எத்தனை சென்ட் கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

ஏலகிரிக்கு சனிக்கிழமை காலை பிருந்தாவனில் போனோம், ஜோலார்பேட்டை வரை முன்பதிவில்லாப் பெட்டி. அப்புறம் திருப்பத்தூர், அங்கிருந்து மலைப் பஸ். 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பர், கபிலர், ஔவை என்று போர்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். பாரி, காரி, ஓரி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "இவங்கள்ல ஹோம் லோன் குடுத்த வள்ளல் யாராவது இருக்காங்களா?" என்றாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பெண்ணைத்தான், வீடு பற்றிய நினைப்பே இல்லாமல் புருஷனை ஊர் சுற்ற இழுக்கிறாள் என்று 43 பேர் லைக் போட்டு உறுதி செய்திருக்கிறார்கள்.

அந்தக் கமெண்ட் வந்தது ஞாயிறு சாயங்காலம், திரும்பி வருகிற ரயிலில். உட்கார இடமில்லை, கதவோரம் நின்றுகொண்டிருந்தோம். வாணியம்பாடி தாண்டியிருக்கும். அவள் போனில்தான் முதலில் வந்தது, அவளையும் டேக் செய்திருந்தேன் அல்லவா. படித்தாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். பிறகு, "அந்தக் கவர்ல பலாச்சுளை மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். ரெண்டு இருந்தது. ஒன்றை என்னிடம் கொடுத்தாள். பெரம்பூர் வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திருப்பித் திட்டியிருந்தால் நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

"போட்டோ போட்டது நீ. போட்டால் நாலு பேர் நாலு சொல்லத்தான் செய்வார்கள்." இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. யோசித்தேன். போடாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் இதே மாமா போன மாதம் தன் புது வீட்டு மாடுலர் கிச்சனை 11 போட்டோ போட்டார். பதினொன்றுக்கும் ஹார்ட் போட்டேன். சிம்னிக்குத் தனியாகப் போட்டேன். கிச்சன் என்றால் சாதனை, பஜ்ஜி என்றால் ஊதாரித்தனமா?

"எத்தனையோ பேர் அதுக்கும் வழியில்லாம இருக்காங்க" என்று ஒரு அண்ணன் வந்தார். வழியில்லாதவர்களுக்காக இவ்வளவு கவலைப்படுகிற அண்ணன் மாடுலர் கிச்சன் பக்கம் வரவில்லை. போகட்டும்.

"சுத்துனது போதும், அடுத்து நல்ல சேதி எப்போ?" என்று கேட்ட மூன்று பேரையும் பிளாக் செய்துவிட்டேன். அதைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

மாமாவை பிளாக் செய்யவில்லை. செய்யவும் முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழு வயது. மாமாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், டிவிஎஸ் 50ஐத் துடைத்துவிட்டு, "மருமகனே, ஏறு" என்பார். முன்னால் அரிசி மூட்டை வைக்கிற இடத்தில் நான் நிற்பேன், பின்னால் அத்தை. உசிலம்பட்டியில் இருந்து வைகை அணை வரைக்கும். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி முக்கும். அத்தை இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வருவார், நாங்கள் மேலே போய் நின்று காத்திருப்போம். அணையில் பொரித்த மீன். மாமா முள் எடுத்துத் தருவார். அணை நிறைவது 71 அடிக்கு என்று முதலில் எனக்குச் சொன்னது அவர்தான். இன்றைக்கும் பேப்பரில் வைகை நீர்மட்டம் போட்டிருந்தால் என் கண் அங்கேதான் போகும். அப்போது மாமா இருந்தது தாத்தா வீட்டில், ஒரே ஒரு அறையில். ஒரு சென்ட் நிலம் அவர் பெயரில் இல்லை. மீன் தின்றதற்கு அவரை யாரும் கேட்கவில்லை.

ஊர் சுற்றக் கற்றுக்கொடுத்த ஆளே இப்படிச் சொன்னால் என்ன செய்வது? பஜ்ஜிக்கடை போட்டோவைப் பார்த்ததும் மாமாவுக்கு அந்த மீன் ஞாபகம் வந்திருக்கும் என்று நான் நினைத்தேன் பாருங்கள். உண்மையில் அவர் லைக் போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் அந்தப் போட்டோவைத் தேர்ந்தெடுத்தேன். இதை இவளிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி அத்தை போன் செய்தார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சும்மா பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று, "உன்னை எதுக்குடா அப்பல்லாம் டேமுக்குக் கூட்டிட்டுப் போனோம்னு தெரியுமா?" என்றார். பாசத்தில்தான் என்றேன். சிரித்தார். புதுசாகக் கல்யாணமான ரெண்டு பேர் தனியாக வண்டியில் போனால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்று பாட்டி விடமாட்டார்களாம். "பையன் டேம் பாக்கணும்னு அழுவுறான்" என்று சொல்லித்தான் மாமா வண்டியை எடுப்பாராம். நான் ஒரு நாளும் அழுததில்லை.

போனை வைக்கிற நேரத்தில் அத்தை குரலைத் தாழ்த்தி, அந்த ஏலகிரிக்குப் பஸ் மேலே வரைக்கும் போகுமா, முட்டி வலியோடு ரொம்ப நடக்க வேண்டியிருக்குமா என்று கேட்டார். அத்தனாவூர் வரைக்கும் பஸ் போகும், அங்கிருந்து ஏரி பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறேன்.